அடுத்த பௌர்ணமிக்குள் திருப்பித் தரவும்

புத்தகம் பார்சலில் வரும். கயிற்றை அறுத்தால் உள்ளே இருக்கும். எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், அடுக்க வேண்டும். நூலகராக வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் வரைக்கும் புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது எங்கே உண்டாகிறது, யார் யார் கைபட்டு வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பால் பாக்கெட் வாங்குகிறவர்கள் மாட்டைப் பற்றி யோசிக்கிறார்களா என்ன?

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம்தான் நான் வேலையில் சேர்ந்தேன். செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் எங்கள் கிளை நூலகம். கீழே மாவு மெஷின். மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடியில் அலமாரிக் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடும். மிளகாய் அரைக்கிற அன்று வாசகர்கள் தும்மிக்கொண்டே பேப்பர் படிப்பார்கள். நான் ஜன்னலில் நின்று கீழே பார்த்துக் கத்துவேன். அப்போது எனக்கு மூக்குமேல் கோபம் வரும். இப்போதும் ஒன்றும் கம்மியாகிவிடவில்லை. கத்துவதற்கு அந்த ஜன்னலும் இல்லை, மெஷினும் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்னமும் மூக்கில் மிளகாய் நெடிதான் ஏறுகிறது. ஒரு தும்மல் வந்தால் தேவலை என்று ஏக்கமாகக்கூட இருக்கும்.

அங்கே என்னோடு இருந்தவர் ஒரே ஒரு உதவியாளர். என்னைவிட நிறைய வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். புதுப் புத்தகம் வந்தால் அவருக்குத் தீபாவளி. குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்துதான் பார்சலைப் பிரிப்பார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று இடத்தில் ஊதா மை முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே ஏதோ ஒரு பக்கத்தில் ஒன்று. அந்த நடுப்பக்கம் எதுவென்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். எவனாவது முன்னும் பின்னும் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் போட்டால் அந்த ஒரு பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு முதுகில் வெள்ளைச் சீட்டு, உள்ளட்டையில் தேதித்தாள். திருப்பித் தரவேண்டிய நாளைக் குத்துவதற்கான தாள் அது. இத்தனையும் முடிந்தால்தான் அவர் கணக்கில் அது புத்தகம். அதுவரைக்கும் வெறும் காகிதம்.

"தொலைஞ்சிபோச்சி மேடம்" என்று வந்து நிற்பவர்களும் எனக்கு அத்துப்படி. நிஜமாகவே தொலைத்தவர் அழுவார், கெஞ்சுவார், இரண்டு மடங்கு விலை கட்ட வேண்டும் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். புத்தகம் பிடித்துப்போய்த் திருப்பித் தர மனசு வராதவர் அப்படியில்லை. எவ்வளவு என்று கேட்டு, சட்டென்று எடுத்துக் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போவார். அந்த இரண்டாவது ரகத்தை நான் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன். ஊருக்குப் பொதுவான புத்தகத்தை வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ள இவர்கள் யார்?

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மெட்ராஸில் ஓர் அறக்கட்டளை நூலகர்களுக்குப் பதிப்புத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க உதவித்தொகை தருகிறதாம். ஒன்றரை மாதப் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் அவர்களுடையது. பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவர வேண்டும், அச்சுச் செலவும் அந்தத் தொகையிலேயே அடக்கம். ஒரே நிபந்தனை, அந்தப் புத்தகம் ஊர் வாசகர்களைச் சேர வேண்டும். சும்மா எழுதிப் போட்டு வைத்தேன். கிடைத்துவிட்டது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ட்டு வா என்று மாமியார் சொன்னதும், அவர் மனசு மாறுவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஒன்றரை மாதம் போல இன்னொரு ஒன்றரை மாதம் எனக்கு வாய்க்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. ஒரே தாளில் பதினாறு பக்கம், சிலது நேராகவும் சிலது தலைகீழாகவும் அச்சாகி வந்ததை முதலில் பார்த்தபோது, ஐயோ தப்பாகப் போட்டுவிட்டார்களே என்று பதறினேன். பைண்டிங் பண்ணும் அம்மா அதை மூன்று மடிப்பு மடித்துக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கம் வரிசையாக வந்து நின்றது. கை தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். புரூஃப் திருத்தக் கற்றுக்கொண்ட பிறகு ஓட்டல் விலைப்பலகையைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாமல் போனது.

அங்கே பாடம் நடத்த வந்த பதிப்பாளர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க ஆர்டர் போட்டாத்தாம்மா எங்க வீட்ல அடுப்பு எரியும்" என்றார். அப்புறம் ஒரு புத்தகத்துக்கு விலை எப்படி வைப்பது, அட்டை என்ன நிறம் இருந்தால் கடையில் கை தானாக நீளும், பின்னட்டையில் எத்தனை வரி எழுதலாம் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார். வாசகர்கள் ஓசியில் படிப்பதையே பார்த்துப் பழகியவள் நான். முன்பின் தெரியாத ஒருவர் பையிலிருந்து காசை எடுக்க வேண்டும் என்பதற்காக இத்தனை பேர் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாருடைய புத்தகத்தைப் போடுவது என்பதில் எனக்கு யோசனையே இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் நூலகத்துக்கு வரும் ஓர் அக்கா இருந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சொந்தக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயம். சோற்றுப் பானைக்கும் கொல்லைக்கும் நடுவே கதை எழுதுவார். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும். நான் படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். ஒரு கதையில், பௌர்ணமிக் கூட்டத்தில் மாமியார் தொலைந்துபோவார். மருமகள் தேடாமல் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தனக்கு மட்டும் ஒரு டீ போட்டுக் குடிப்பாள். அதோடு கதை முடிந்துவிடும்.

பயிற்சியின் நடுவில் ஊருக்கு வந்தபோது அவரிடம் சொன்னேன்.

"அக்கா, உங்க கதைங்களை புக்கா போடப்போறேன்."

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், "விப்பீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"விக்கத்தான் போடறோம்."

"எங்க வூட்டுக்காரர் இன்னா சொல்லுவார் தெரியுமா? 'ஓசியில குடுத்தாகூட எவனும் தொடமாட்டான், இதை எவன்டி காசு குடுத்து வாங்குவான்?'னுவார்."

"அவர் கெடக்கறார். நானே பத்து வாங்கறேன்."

"நீங்க வாங்கக் கூடாது" என்று கையை நீட்டித் தடுத்தார். "தெரிஞ்சவங்க வாங்கினா அது மொய் மேடம். என்னை யாருன்னே தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், கைக்காசை எடுத்துக் குடுத்து வாங்கணும். அது போதும் எனக்கு. அதுக்கப்புறம் நான் எழுதலைன்னாலும் பரவால்ல."

அந்த மனிதர் பொல்லாதவர் ஒன்றும் இல்லை. அக்காவுக்குப் பேனா வாங்கித் தருவதே அவர்தான். ஆனால் அந்தக் கேள்வி அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. திரும்பிப் போய் நானே புரூஃப் பார்த்தேன், நானே விலை வைத்தேன். அட்டை மயில்கழுத்து நீலம். தலைப்புப் பக்கத்தின் நடுவில் அக்காவின் பெயர், நல்ல கறுப்பாக. கீழே எங்கள் கிளை நூலகத்தின் வெளியீடு என்று ஒரு வரி.

திட்டம் இதுதான். அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. மலை சுற்ற எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பாதை அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் போகிறது. அங்கே ஒரு மேஜை போட்டு விற்க வேண்டும். பார்சலை முன்னாடியே ஊருக்கு அனுப்பிவிட்டு, நான் முடிவு அறிக்கை கொடுப்பதற்காக மெட்ராஸில் தங்கினேன். அண்ணனுக்குப் போன் போட்டு, "வந்திருக்கறது விக்கறதுக்கு, பார்சலைப் பிரிச்சு எண்ணிப் பார்த்து வைங்க" என்றும் சொன்னேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள் வந்து இறங்கினேன். படியேறும்போதே பசை வாசனை. மேஜை, ஸ்டூல், தரை, ஜன்னல் கட்டை எங்கும் நீல அட்டை. ஒவ்வொரு முதுகிலும் வெள்ளைச் சீட்டு.

"பாருங்க மேடம்! நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு வூட்ல இருந்து அவளையும் இட்டாந்து பசை தடவ வெச்சேன். ஒண்ணுகூட பாக்கி இல்ல!" அண்ணனின் முகம் அப்படியே ஜொலித்தது.

ஒன்றை எடுத்துத் திறந்தேன். தலைப்புப் பக்கத்தில் ஊதா முத்திரை. கடைசிப் பக்கத்தில் ஊதா முத்திரை. எங்கள் ரகசியப் பக்கத்திலும். உள்ளட்டையில் தேதித்தாள், கோணாமல் மாணாமல், அழகாக.

"விக்கறதுக்குண்ணே! விக்கறதுக்குன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. விக்கறதுனாலும் சீலு இருந்தா சேஃப்டி தானே மேடம்? நம்ம லைப்ரரி பேரு வேற போட்டிருக்குது. சீலு இல்லாத புக்கை வெளிய அனுப்ப மனசு வருமா?"

இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்? ஊரில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? நூலகத்தில் ஊறிப்போன ஆளுக்குத்தான் வரும். நூலக முத்திரை விழுந்த புத்தகத்தை எந்தப் பைத்தியக்காரன் காசு கொடுத்து வாங்குவான்? திருட்டுச் சரக்கு என்றல்லவா நினைப்பான்! தலைப்புப் பக்கத்தைக் கிழித்தால் அக்காவின் பெயரே போய்விடும். போதாததற்கு, வழக்கப்படி அத்தனையையும் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார். ஏற்றியதை நீக்க வேண்டுமானால் வேங்கிக்காலில் இருக்கும் மாவட்ட நூலக ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். அப்படியே நீக்கினாலும் ஊதா மை போகாது. மறுபடி அச்சடிக்க உதவித்தொகையில் ஒன்றும் மிச்சமில்லை.

தொண்டை கிழியக் கத்தினேன். மாவு மெஷின்காரரே மேலே வந்து எட்டிப் பார்த்தார், எத்தனையோ நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், இன்றைக்கு நாம் இல்லை என்ற நிம்மதியோடு. அண்ணனுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கத்த வரவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். புத்தகத்தைப் பார்க்க நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அட்டையைத் தடவினார், முகர்ந்து பார்த்தார், திறந்தார். வட்ட முத்திரை சரியாக அவருடைய பெயரின் மேல் விழுந்திருந்தது. அண்ணனின் கை எப்போதும் நடுவில்தான் குத்தும்.

"என் பேரு மேலயே சீலா" என்றார். புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "இதை இன்னமே எவன் மேடம் காசு குடுத்து வாங்குவான்?" என்றார்.

அவர் வீட்டுக்காரரின் அதே கேள்வி. அதை அக்காவின் வாயிலிருந்தே கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் மேஜையைப் போட்டோம். போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் முடங்கிக் கிடக்க மூவருக்குமே மனசில்லை. வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. நீல அட்டையைப் பார்த்துக் கைகள் நீளத்தான் செய்தன, அந்தப் பதிப்பாளர் சொன்னது சத்தியம். எடுப்பார்கள், பின்னட்டையைப் படித்துச் சிரிப்பார்கள், திறப்பார்கள், முத்திரையைப் பார்த்ததும் சுட்டதுபோல வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருவர் நின்று சத்தமாகவே கேட்டார். "இன்னாங்க இது, லைப்ரரி புக்கை எடுத்தாந்து வித்துக்கினு இருக்கீங்க? நல்லா இருக்குதே கதை!"

நாலு பேர் கூடினார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்தார். அண்ணன் அடையாள அட்டையை நீட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னார். போலீஸ்காரர் முத்திரையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "புரியுது சார். ஆனா விக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவமானத்தில் என் காது இரண்டும் தீயாக எரிந்தது. சுருட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று மேஜைத் துணியை இழுத்தேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தேதி குத்தற முத்திரை வெச்சிருக்கீங்களா?"

"அது இல்லாமியா?" சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

அக்கா பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்து அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று சொன்னார். அண்ணன் முத்திரையில் தேதியைத் திருப்பினார். அந்த வழியாக வந்த ஒரு பெண்ணிடம் அக்கா புத்தகத்தை நீட்டினார்.

"மாசாமாசம் மலை சுத்த வருவீங்களாம்மா?"

"ஆமாங்க, வேண்டுதலு."

"அப்ப இதை எடுத்துக்கினு போய்ப் படிங்க. அடுத்த பௌர்ணமிக்கு வர்றப்ப திருப்பிக் குடுங்க. காசு வேணாம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அக்கா எச்சிலை விழுங்கியதை நான் பார்த்தேன். உறுப்பினர் அட்டை இல்லை, முன்பணம் இல்லை, ஊர் பேர் தெரியாது. விதிப்படி இது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. மூடிக்கொண்டேன். அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தேதி குத்தினார். பிறகு வந்தவர்கள் முத்திரையைப் பார்த்துப் பயப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் நம்பினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மேஜையில் பாதிக்குமேல் காலி.

"எங்க வூட்டுக்காரர் சொன்னதுல பாதி பொய்யாப்போச்சு மேடம்" என்று அக்கா சிரித்தார். "ஓசியில குடுத்தா தொடறாங்க." சிரிப்பு வாயில்தான் இருந்தது.

அந்த மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புத்தகம் ஊர் வாசகர்களைச் சேர்ந்தது என்று அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். சேர்ந்தது சரி, திரும்பி வருமா? அக்கா சனிக்கிழமை வந்தால் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எழுதுகிறீர்களா என்று கேட்டால், கொல்லையில் வேலை ஜாஸ்தி என்று மழுப்பினார்.

அடுத்த பௌர்ணமிக்கு அதே இடத்தில் மேஜை போட்டோம். வந்தார்கள்! சாமி சத்தியமாக வந்தார்கள். ஈரத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அர்ச்சனைத் தேங்காயோடு சேர்த்து என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே பஸ் டிக்கெட், விபூதிப் பொட்டலம், சாம்பார்க் கறை. ஒரு தாத்தா, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன், தப்பில்லையே என்று கேட்டார். ஒரு காலேஜ் பெண் மேஜையில் கையூன்றி, "அந்த மருமவ கடைசி வரைக்கும் மாமியாரத் தேடிப் போவவே இல்லீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தான்தான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பி வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் மடியில் வைத்துத் தூசு தட்டித்தான் அடுக்கினார்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். வந்தவாசிப் பக்கமாம். கையில் ஒயர் கூடை.

"போன பௌர்ணமிக்கு ஒரு புக்கு எடுத்தும்போனேங்க. அது… தொலைஞ்சிபோச்சிங்க. இன்னா ஃபைனோ, கட்டிடறேன்."

என் பார்வை பழக்கத்தில் கூடைக்குத்தான் போனது. தேங்காய் மூடி, வாழைப்பழம், ஒரு துண்டு. துண்டு விலகிய இடத்தில் மயில்கழுத்து நீலம். முதுகில் அண்ணன் ஒட்டிய வெள்ளைச் சீட்டு, பளிச்சென்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. அவரும் பார்த்துவிட்டார்.

"ரெண்டு மடங்கு கட்டணும்மா, அதான் ரூல்ஸு" என்றார் அண்ணன், ரொம்ப வருத்தமாக. கூடை அவர் கண்ணில் படவே இல்லை.

அந்த அம்மா பேரம் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்து நீட்டினார். நான் கை நீட்டுவதற்கு முன் அக்கா நீட்டி வாங்கினார்.

"எப்படிம்மா தொலைஞ்சிது?" அக்கா பணத்தைக் கையில் பொத்திக்கொண்டு கேட்டார்.

"தெரிலிங்க. நான் படிச்சிக்கினு இருந்தேன். எங்க மாமியாரு வேற தெனமும் படிச்சி காட்டு, படிச்சி காட்டுனு ஒரே புடுங்கலு. எங்க வெச்சேன்னே தெரில." சொல்லிக்கொண்டே கூடையைக் காலுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"ரசீது வாங்கிக்கினு போங்கம்மா" என்றார் அக்கா.

அண்ணன் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கூடையை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்தில் கலந்தார்.

"தெரிஞ்ச முகமா மேடம்?" என்று கேட்டார் அக்கா.

"சத்தியமா இல்லக்கா. நீங்க?"

"நானும் பார்த்ததே இல்ல."

பணத்தை என் பக்கம் நகர்த்தினார். அது அரசாங்கக் கணக்குக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்தார்.

அண்ணன் பதறிப்போனார். "அழாதீங்கம்மா! ஒரு காப்பி தொலைஞ்சா இன்னா? மீதி எல்லாம் பத்திரமா இருக்குது. இனிமே ஒண்ணுகூட தொலையாம நான் பார்த்துக்கறேன்!"

அக்கா அழுகையும் சிரிப்புமாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்ணே. தொலையட்டும். எல்லாமே தொலையட்டும்."